பெரியப்பாவும் கமெலோபார்டாலிஸும்

அக்டோபர் 9, வியாழன் – ரோம்

அக்டோபரில் ரோம் குளுகுளுவென்று இருக்கும் என்றார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு, பழைய ரோமின் தேரோட்ட மைதானமான சர்க்கஸ் மாக்சிமஸில், ஒதுங்க ஒரு மரம் கிடைக்காமல் வெயிலில் நின்றோம். பெரியப்பாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. தூத்துக்குடியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் என்னுடன் சில வாரம் தங்க வந்தவரை "எங்க போகணும் பெரியப்பா?" என்று கேட்டதற்கு, ஈஃபிள் கோபுரம், சுவிஸ் பனி என்று எதையும் சொல்லவில்லை. "ஒட்டகச்சிவிங்கிக்கு மொதல்ல பேர் வச்சவன் ஊருக்குப் போவோம்ளா" என்றார். பேர் வைத்தவர்கள் கிரேக்கர்கள். ஆனால் அந்தப் பெயரின் தடயங்கள் அதிகம் கிடப்பது இத்தாலியில். அப்படித்தான் இந்தப் பயணம் அமைந்தது.

மைதானத்தில் பார்க்க எதுவும் இல்லை. சுமார் அறுநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு புல் பள்ளம். நாய்களை நடத்திக்கொண்டு போகிறார்கள், ஓட்டப்பயிற்சி செய்கிறார்கள், ஒரு பையன் படுத்துக்கொண்டு போனில் சண்டை போடுகிறான். கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர் தன் வெற்றி விழாவுக்காக ரோமர்கள் அதுவரை பார்த்திராத ஒரு விலங்கைக் கொண்டுவந்தார். சர்க்கஸ் விளையாட்டுகளில்தான் அது முதன்முதலாக ரோமில் காணப்பட்டது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். நம் ஒட்டகச்சிவிங்கிதான், அன்றைக்கு அதன் பெயர் கமெலோபார்டாலிஸ். கிரேக்கத்தில் 'கமெலோஸ்' ஒட்டகம், 'பார்டாலிஸ்' சிறுத்தை.

அந்தக் காலத்து ஆட்கள் இந்தப் பெயருக்குச் சொன்ன விளக்கத்தைப் பெரியப்பா வெயிலிலேயே பாடமாக நடத்தினார். உருவம் ஒட்டகம், புள்ளி சிறுத்தை, அதனால் இந்தப் பெயர் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் வாரோ என்ற ரோமானிய அறிஞர். வரலாறு எழுதிய காசியஸ் டியோ கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கிறார்: பின்னங்கால்கள் குட்டை, கழுத்து உயரம், தோலில் புள்ளி, ஆகவே இரண்டின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது என்கிறார். பிளினி சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. எத்தியோப்பியர்கள் இதை 'நபுன்' என்கிறார்கள். குதிரையின் கழுத்து, மாட்டின் கால், ஒட்டகத்தின் தலை. தோற்றம்தான் பயங்கரம், குணம் சாது என்பதால் 'காட்டுச் செம்மறி' என்றும் ஒரு பெயர் விழுந்தது. சிங்கத்தைக் கிழிக்கும் மிருகம் வருகிறது என்று காத்திருந்த கூட்டத்தின் ஏமாற்றம் இந்தப் பெயரில் தெரிகிறது.

சாப்பாடு: சுப்ளி என்று சோற்றுருண்டையைப் பொரித்துத் தருகிறார்கள், நடுவில் சீஸ். ஒன்று இரண்டரை யூரோ. பெரியப்பா மூன்று சாப்பிட்டுவிட்டு "மொளகாத்தூள் இருந்தா நல்லாருக்கும்" என்றார். காபி நின்றுகொண்டே குடித்தால் ஒன்று முப்பது, உட்கார்ந்தால் மூன்றரை. பெரியப்பா இரண்டாவது கடையிலிருந்து நிற்கப் பழகிவிட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி – பலெஸ்ட்ரீனா

இந்தப் பயணத்தில் நான் மறுபடி போக ஆசைப்படும் ஊர் இதுதான்.

ரோமுக்குக் கிழக்கே, மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பஸ் பயணம். மலைச்சரிவில் ஊர். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து அருங்காட்சியகம் வரை படிதான். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "இந்த ஏத்தத்த ரோமாக்காரன் எதுக்குக் கெட்டுனான்?" என்று கேட்டபடி ஏறினார். கட்டினவர்கள் அதிர்ஷ்ட தேவதையான ஃபோர்ச்சூனாவுக்காகக் கட்டினார்கள். மலையையே அடுக்கடுக்காக வெட்டிய பெரிய கோயில். அதன் உச்சியில் பிற்காலத்தில் கொலோன்னா, பார்பெரினி குடும்பங்களின் மாளிகை எழுந்தது. இப்போது அதற்குள் அருங்காட்சியகம்.

நாங்கள் வந்தது நைல் மொசைக்குக்காக, அதாவது சின்னக் கற்களைப் பதித்துச் செய்த நைல் நதிப் படத்துக்காக. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் அகலம், நான்கு மீட்டருக்கு மேல் உயரம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செய்யப்பட்டது என்பது பரவலான கணிப்பு. ஒரு காலத்தில் தரையாக இருந்ததை இப்போது சுவரில் நிமிர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் வெள்ளம் ஏறிய நைல்: படகு, கோயில், பந்தலடியில் விருந்து, நீர்யானை. மேலே போகப் போக வீடுகள் மறைந்து பாறையும் விலங்குகளுமாக எத்தியோப்பியா. விலங்குகளின் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் பெயர்ப்பலகைகள், அவையும் சின்னச் சின்னக் கல்லால் பதித்தவை.

அந்தப் பகுதி அண்ணாந்தால்தான் தெரியும். போன் கேமராவைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தோம். 'கமெலோபார்டாலி' வரை வந்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்துவிட்டார். வகுப்பில் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய பெயர். 1758-ல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இந்த விலங்கை மான் இனத்தில் சேர்த்து 'செர்வஸ் கமெலோபார்டாலிஸ்' என்றார். பிறகு அது 'ஜிராஃபா கமெலோபார்டாலிஸ்' ஆனது. அறிவியல் பெயரின் பின்பாதி இந்தச் சுவரில் கல்லாக இருக்கிறது.

ஆனால் என்னை அங்கே நிறுத்தியது வேறு. கொஞ்சம் தள்ளி இன்னொரு பலகை: முதலையையும் சிறுத்தையையும் ஒட்டவைத்த ஒரு பெயர். இன்னொன்று ஓனோகெந்தௌரா, கழுதை உடம்பில் மனிதத் தலை. காண்டாமிருகத்துக்கும் அதே அளவு எழுத்துதான், ஓனோகெந்தௌராவுக்கும் அதே அளவு எழுத்துதான். இவற்றில் எது நிஜம், எது கதை என்று இந்தத் தரையில் நடந்த ஆளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்த மிருகம் உண்டு என்று நம்பியவன், கழுதை மனுஷியையும் நம்பித்தானே ஆகவேண்டும்! நீண்ட கழுத்துள்ள அந்தப் பாவப்பட்ட ஜீவன், பெயர் வைத்த தோஷத்தால் ரொம்ப காலம் கற்பனை மிருகங்களோடு ஒரே வரிசையில் நின்றிருக்கிறது.

அறையில் காவலுக்கு இருந்த அம்மாள் நாங்கள் அரைமணி நேரமாக ஒரே மூலையைப் பார்ப்பதைக் கவனித்து எழுந்து வந்தார். திருட வந்தவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பெரியப்பா விரலை நீட்டி "கமெலோபார்டாலிஸ்!" என்றார். அவர் சிரித்து, "ஜிராஃபா, ஜிராஃபா" என்று திருத்தினார். பெரியப்பா விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு "தமிழ்" என்றார், பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் "ஒட்டகம்... சிவிங்கி" என்று பிரித்துச் சொல்லி, கையால் திமிலும் புள்ளியும் போட்டுக் காட்டினார். 2022-ல் நமீபியாவிலிருந்து குனோவுக்கு விலங்குகள் வந்தபோது நம் பத்திரிகைகள் சிவிங்கிப்புலி என்று எழுதினவே, அதே சிவிங்கி. அகராதிகளில் வேட்டைச்சிறுத்தை. அந்த அம்மாளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் வெளியே போகும்போது மற்ற காவலரிடம் கையால் அதே திமிலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

இந்த மொசைக்குக்கும் அலைச்சல் குறைவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் துண்டு துண்டாகப் பெயர்த்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பிக் கொண்டுவரும் வழியில் நொறுங்கிப் போனது. பெயர்த்தவுடன் கசியானோ தால் போட்ஸோ என்பவர் வண்ணத்தில் பிரதி எடுக்கச் செய்திருந்ததால்தான் இன்றைக்கு எது எங்கே இருந்தது என்று சொல்ல முடிகிறது.

கீழே இறங்கி ஜில்யேத்தோ என்று இந்த ஊர் பிஸ்கட் வாங்கினோம். லில்லிப் பூ வடிவம். முட்டை, சர்க்கரை, மாவு. மொறுமொறுவென்று இருந்தது. கால் கிலோ ஆறு யூரோ.

பிரச்சினை திரும்பும்போது. இங்கே டிக்கெட்டைப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் வழக்கம். பெட்டிக்கடையோ மதியத் தூக்கத்துக்காக நாலு மணிவரை ஷட்டர் இறக்கியிருந்தது. ஒரு பஸ் போனது. அடுத்தது நாங்கள் கையை நீட்டியும் நிற்காமல் போனது. அதற்குள் மழை. நிழற்குடையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினார். காசு கொடுத்தால் கையைத் தட்டிவிடுகிறார். பெரியப்பா யோசித்து, சட்டைப்பையிலிருந்து கோவில்பட்டி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டார். பஸ்ஸில் முன்சீட்டில் அது கடிபடும் சத்தம் ரோம் எல்லை வரை கேட்டது.

அக்டோபர் 11, சனி – ரயில்

புளோரன்ஸுக்கு வந்து சேர்ந்தோம். மழை. பெரியப்பாவுக்குத் தும்மல் ஆரம்பித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு – புளோரன்ஸ்

சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தை ஞாயிறன்று பூசை முடிந்து மதியம்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கிறார்கள். அதுவரை சுற்றி நடந்தோம். இது திராட்சை அறுவடைக் காலம். கறுப்புத் திராட்சையைக் கொட்டையோடு அப்படியே அடைத்துச் சுடும் ஒரு தட்டையான ரொட்டி கடைக்குக் கடை இருக்கிறது. ஒரு துண்டு நாலு யூரோ. சாறு ஒழுகிச் சட்டை நாசம். கொட்டை பல்லில் நறநறக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது, பெரியப்பா "கொட்டைய எடுக்கக்கூட சோம்பேறித்தனமா" என்றார்.

1487 நவம்பரில் எகிப்து சுல்தான் கைத்பே அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. ஊரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த லொரென்ஸோ தே மெடிசிக்குப் பரிசு. பண்டைய ரோமோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான பரிசு கிடையாது: சீசருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அது இங்கே நீடிக்கவில்லை. வந்து கொஞ்ச காலத்திலேயே தொழுவ விட்டத்தில் தலை சிக்கிக் கழுத்து முறிந்து செத்தது என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் இதே தேவாலயத்தில் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார். மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியில் பின்னணியில் அந்தக் கழுத்து எட்டிப் பார்க்கிறது. சுவர் ரொம்பச் சிதைந்திருக்கிறது. இருந்தும் தேடினால் கிடைக்கிறது. நகர மாளிகையில் ஓவியர் வசாரி பிற்பாடு வரைந்த லொரென்ஸோ அறையிலும் ஒன்று உண்டு. அங்கே கூட்டம் தாங்கவில்லை. ஒரு சுற்றுலாக் குழுவின் குடை என் காதில் இடித்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குள் பெயர் மாறிவிட்டது. அரபியில் 'ஸராஃபா', அது இத்தாலியில் 'ஜிராஃபா' ஆகி, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. பழைய பெயர் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 13, திங்கள் – புளோரன்ஸ், காய்ச்சலோடு

பெரியப்பாவுக்கு 101. மருந்துக்கடையில் பாராசிட்டமால் கேட்டால் 'தாக்கிப்பிரினா' என்று ஒரு டப்பா தருகிறார்கள், அஞ்சு யூரோ சில்லறை. தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு மேலே வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் காய்கறிச் சாறு நிறைந்த பாத்திரத்தோடு திரும்பினார். உப்புக் கம்மி, ஆனால் அந்தச் சூட்டுக்கு அமிர்தம். பாத்திரத்தைக் கழுவி வைத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

படுக்கையில் கிடந்தாலும் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. "ஏளா, உபாகமம் பதினாலு அஞ்சு எடு" என்றார். சாப்பிடத் தகுந்த மிருகங்களின் பட்டியல்: மான், வெளிமான், கலைமான் என்று போய்க் கடைசியில் தமிழ் வேதாகமத்தில் 'புல்வாய்'. எபிரெயத்தில் அந்த இடத்தில் 'ஸெமெர்'. அதை கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'கமெலோபார்டாலிஸ்' என்று போட்டார்கள். வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் அதையே வைத்துக்கொண்டார். கிரேக்கப் பெயர்ப்பு நடந்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அதே நகரில் எகிப்து மன்னர் இரண்டாம் தாலமி நடத்திய பெரும் ஊர்வலத்தில் ஒரு கமெலோபார்டாலிஸ் நடந்து போனதாக எழுதிவைத்திருக்கிறார்கள். தெருவில் ஊர்வலம் போன மிருகம் வேதத்துக்குள் நுழைந்ததில் ஆச்சரியம் இல்லை. "இஸ்ரவேலர் இத எந்தக் காட்டுல புடிச்சித் தின்னிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார், அப்புறம் இருமினார்.

சாயங்காலம் எனக்கு இன்னொரு கதை சொன்னார். இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. பதிமூன்றாம் நூற்றாண்டில் ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் என்ற துறவி விலங்குகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதில் 'அனபுலா' என்று ஒரு மிருகம், 'கமெலோபார்டுலஸ்' என்று ஒரு மிருகம், 'ஒராஃப்லஸ்' என்று ஒரு மிருகம். முதலாவது பிளினியின் நபுன், வழியில் உருக்குலைந்தது. இரண்டாவது பழைய கிரேக்கப் பெயர். மூன்றாவது அரபு ஸராஃபா. மூன்றும் ஒன்றுதான்! இத்தனைக்கும் அவர் காலத்திலேயே பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. எகிப்து சுல்தான் அனுப்பியதுதான். ரேஷன் கார்டில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஏறின கதை.

"பார்சிக்காரன் இன்னும் ஒரு படி மேல" என்றார். பார்சியில், அதாவது பாரசீக மொழியில், 'ஷுத்துர்-காவ்-பலங்': ஒட்டகம், மாடு, சிறுத்தை. பெயரே கலப்பு என்றால் பிறப்பும் கலப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று, பல மிருகங்கள் கூடிப் பிறந்ததுதான் இது என்றொரு நம்பிக்கை அரபு நாடுகளில் பரவியிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் அதை ஏற்க மறுத்து எழுதினார். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அதற்கும் முன்னாலேயே, புள்ளி சிறுத்தையினுடையதே இல்லை, மான்குட்டியினுடையது மாதிரி இருக்கிறது என்று முனகியிருக்கிறார். பெரியப்பா ஸ்ட்ராபோ கட்சி. எனக்கு அந்த முனகல் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. பெயர் வைக்கிறவன் தூரத்திலிருந்துதானே பார்க்கிறான்.

அக்டோபர் 14, செவ்வாய் – போஜ்ஜோ அ கயானோ

காய்ச்சல் இறங்கியது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். புளோரன்ஸிலிருந்து டவுன் பஸ் தூரம்தான், லொரென்ஸோ கட்டிய கிராமத்து மாளிகை. உள்ளே நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஆள் சேர்த்து, மணிக்கொரு முறை, ஒருவர் கூடவே வந்து காட்டுகிறார். அன்றைக்கு நாங்களும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியும் மட்டும்.

பெரிய கூடத்தில் ஆந்திரேயா தெல் சார்த்தோவின் சுவரோவியம், சீசருக்கு எகிப்திலிருந்து விலங்குகள் காணிக்கையாக வரும் காட்சி. 1521-ல் பாதியில் நின்றதை 1582-ல் அலெஸ்ஸாந்த்ரோ அல்லோரி முடித்தார். கிளி, குரங்கு, ஆடு எல்லாம் முன்னால். பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நம்மாள். கதை சீசருடையது, வரையப்பட்டது லொரென்ஸோவின் மகன் போப்பாக இருந்த காலம், மிருகம் அப்பாவின் தொழுவத்தில் கழுத்து முறிந்தது. மெடிசிகள் எதையும் வீணாக்கவில்லை.

மாளிகை எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. பழைய ரொட்டி, கருங்கோஸ், வெள்ளை மொச்சை போட்டுக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா, ஒன்பது யூரோ. மேஜைக்கு ஆளுக்கு இரண்டு யூரோ தனி. காய்ச்சல்காரருக்கு ஏற்றது. கடைக்காரர் அவர் குல்லாயைப் பார்த்துக் கேட்காமலே சூட்டைக் கூட்டிக் கொண்டுவந்தார்.

அக்டோபர் 15, புதன் – சியெனா

சியெனாவில் பதினேழு கொன்த்ராதா, அதாவது பேட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், பெரும்பாலும் மிருகம். பாலியோ குதிரைப் பந்தயத்தில் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவது போல மோதுகிறவர்கள். அதில் ஒன்று ஜிராஃபா. வெள்ளையும் சிவப்பும் கொடி, கயிற்றைப் பிடித்து ஒருவன் நடத்தி வரும் ஒட்டகச்சிவிங்கி. 1936 ஜூலைப் பந்தயம் முசோலினி ஆட்சி கிழக்கு ஆப்பிரிக்காவில் அறிவித்த பேரரசுக்குச் சமர்ப்பணமாக நடந்தது. அதில் ஜெயித்ததால் 'ஏகாதிபத்திய' என்ற அடைமொழியை இன்றும் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியர்களின் நபுனை வைத்து எத்தியோப்பியாவைப் பிடித்த பெருமை. எனக்கு ஜீரணமாகவில்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரில் பதித்திருந்த சின்னத்தைப் போட்டோ எடுத்தார்.

அந்தப் பேட்டையில் ஒரு காகிதக்கடை. கடைக்காரரிடம் ஒரு தாளில் 'கமெலோபார்டாலிஸ்' என்று எழுதிக் காட்டினார் பெரியப்பா. அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்து, முதல் பாதியை மூடிப் பார்த்து, அடுத்த பாதியை மூடிப் பார்த்து, "ஆ! கத்தோபார்தோ மாதிரி!" என்றார். பூனைச்சிறுத்தை. இத்தாலியில் புள்ளி போட்ட சில காட்டுப்பூனைகளுக்கு இன்னும் அந்தப் பெயர்தான். எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒட்டகச்சிறுத்தைதான் என்று நான் இங்கிலீஷில் விளக்கியதும், வாசலில் நின்ற தன் மகனைக் கூப்பிட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்தார். பையன் "ஒத்தகா" வரைக்கும் வந்தான். சிவிங்கி வரவில்லை.

பாதாம் மாவில் செய்த ரிச்சாரெல்லி பத்துக்கு எட்டு யூரோ. முந்திரிக்கொத்தைவிட விலை அதிகம், ருசி குறைவு என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. நான் உடன்படவில்லை, டப்பாவைப் பாதி காலி செய்தேன்.

யாராவது இந்தத் தடத்தில் போவதாக இருந்தால்: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பலெஸ்ட்ரீனாவுக்குப் போங்கள், மைதானத்தை விட்டுவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் ஊர் மேலே போகும் சின்ன பஸ்ஸைக் கேளுங்கள். டிக்கெட்டை மட்டும் போக, வர இரண்டுக்கும் ரோமிலேயே வாங்கிவிடுங்கள். பெட்டிக்கடைக்காரர் நாலு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை.